நாய்க்கு வந்தது பக்கவாதம்தானா?

பக்கவாதம் என்றதும் வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொண்ட மனிதர்தான் நினைவுக்கு வருவார். அந்த அடையாளங்களை நாயிடம் தேடிப் பயனில்லை. நம் கை கால்களை ஆட்டுவிப்பது பெருமூளையின் புறணி. நாயின் நடையையோ பெரும்பாலும் மூளைத்தண்டே பார்த்துக்கொள்கிறது. அதனால் பெருமூளையில் ரத்தக்குழாய் அடைத்த நாய்கூட ஓரிரு நாளில் எழுந்து நடமாடும். ஆனால் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். தட்டில் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு மறுபாதியைத் தொடாமல் போகும். பசியில்லை போலிருக்கிறது என்று தட்டை எடுத்துவிடாதீர்கள்; திருப்பி வைத்துப் பாருங்கள், மிச்சத்தையும் தின்னும். ஒரு பக்கத்துக் காட்சி அதன் மூளைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

சிறுமூளையில் அடைப்பு வந்தால் தலை சாயும், நடை தள்ளாடும். குழப்பமே இங்கேதான். வயதான நாய் திடீரென்று தலை சாய்ந்து, பக்கவாட்டில் விழுந்து, வாந்தியெடுத்து, கண்மணிகள் இடவலமாகத் துடிக்கக் கிடந்தால் வீடே ‘ஸ்ட்ரோக்’ என்று பதறும். பல சமயம் அது மூளைக் கோளாறே அல்ல. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, காரணம் புலப்படாமல் தடம்புரண்டிருக்கும். மூன்று நாளில் தணியத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் நாய் தேறிவிடும். சிலவற்றுக்குத் தலைச் சாய்வு மட்டும் நிலைத்துவிடுவதுண்டு.

இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் செய்யும் சோதனைக்குக் கருவியே வேண்டாம். நாயைத் தாங்கிப் பிடித்து, ஒரு பாதத்தை மடக்கி அதன் மேற்புறம் தரையில் படும்படி வைப்பார். கோளாறு காதில் என்றால் நாய் உடனே பாதத்தை நேராக்கிக்கொள்ளும். மடங்கியது அப்படியே கிடந்தால் சந்தேகம் மூளைமேல் திரும்பும். கண்மணி மேலும் கீழுமாகத் துடித்தாலும் அப்படித்தான். உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இன்னொரு துப்பு: பக்கவாதம் சட்டென்று வரும்; பெரும்பாலும் ஒரு நாளுக்குப் பிறகு மேலும் முற்றாது. நாளுக்கு நாள் மோசமானால் கட்டியோ தொற்றோ இருக்கலாம்.

சிறுநீரக நோய், உயர் ரத்த அழுத்தம், குஷிங் நோய் ஆகியவை வழக்கமான பின்னணிகள். நம் ஊரில் உண்ணியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது பரப்பும் எர்லிக்கியா கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடுவதால் சில நாய்களுக்கு மூளையில் ரத்தம் கசியும். அப்படிப்பட்ட நாய்க்கு, மனிதர்களுக்குத் தருவதுதானே என்று ஆஸ்பிரின் கொடுத்தால் கசிவு கூடும். தடுப்பூசி போடாத நாய் தள்ளாடினால் வெறிநோயையும் நினைக்க வேண்டும். அதன் வாயில் கை வைக்கவே கூடாது. எதுவானாலும், கண் துடிப்பதையும் நடையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். போய்ச் சேர்வதற்குள் அவை மாறிவிடலாம்.