முதுகைப் பார்த்தால் தெரியும்

விருத்தாசலம் என்றால் பீங்கான். செராமிக் தொழிற்பேட்டைக்கு வெளியே, பழைய மண்சுவர்களிலும் ஓடைக்கரைச் சரிவுகளிலும் இன்னொரு மண்வேலை நடக்கிறது. நீலப்பட்டைத் தேனீ தனியாளாக வளை தோண்டி, அறை அமைத்து, பீங்கானுக்கு கிளேஸ் பூசுவதுபோல உட்சுவரில் ஈரம் இறங்காத சுரப்பைப் பூசுகிறது. மகரந்தமும் தேனும் சேர்த்து முட்டையிட்டு அறையை மூடுகிறது.

அந்தச் சுவரை ஒட்டித் தாழப் பறந்து, ஒவ்வொரு துளையாக எட்டிப் பார்க்கும் கறுப்புத் தேனீ ஒன்று உண்டு. உடம்பெல்லாம் வெளிர்நீலப் புள்ளிகள். இதுதான் குயில் தேனீ. அறிவியலில் தைரியஸ் என்ற பேரினம். இது கூடு கட்டுவதில்லை, அடுத்தவள் அறையில் முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழுவுக்கு அரிவாள்போல் வளைந்த தாடை. வீட்டுக்காரியின் முட்டையையோ புழுவையோ கொன்றுவிட்டு, சேமித்த உணவைத் தானே தின்று வளர்கிறது.

ஒட்டுண்ணியா என்று அறிய முதலில் பின்காலைப் பாருங்கள். உழைக்கும் பெண் நீலப்பட்டைத் தேனீக்கு அங்கே மகரந்தம் அள்ளும் அடர்ந்த மயிர் இருக்கும். குயில் தேனீக்கு அது இல்லை. சேமிக்காதவளுக்கு எதற்கு?

எந்த இனம் என்பதுதான் கடினம். புள்ளிகளை மட்டும் நம்பக்கூடாது. அவை படிந்த மயிர்தான். வயதானால் தேய்ந்து உதிரும். தேயாதது முதுகுத் தகடு. மார்பின் பின்பக்கம் கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான அந்தத் தகட்டின் விளிம்பு ஓர் இனத்தில் ஆழமாக வெட்டியிருக்கும், இன்னொன்றில் லேசாக வளைந்திருக்கும். சிலவற்றில் அதன் அடியிலிருந்து வெள்ளை மயிர்க் கற்றை எட்டிப் பார்க்கும். அடுத்து வயிற்றின் முதல் வளையத்துப் புள்ளியின் வடிவம், பிறகு பக்கவாட்டு மார்பின் குழிகள். 1897இல் ஆய்வாளர் பிங்காம் இந்தியத் தேனீக்களைத் தொகுத்தபோது தைரியஸ் இனங்களைக் குரோசிசா என்ற பெயரில் வைத்தார். டச்சு ஆய்வாளர் லீஃப்டிங்க் 1962இல் இந்தோ-ஆஸ்திரேலிய இனங்களை மறுபடி வகைப்படுத்தினார்.

இலைவெட்டித் தேனீயின் கூட்டைக் குறிவைக்கும் இன்னொரு ஒட்டுண்ணியான சீலியாக்ஸிஸ் வேறு சாதி. பெண்ணின் வயிறு கூம்பாகக் கூர்ந்திருக்கும். கண்ணிலேயே மயிர் இருக்கும். ஆணின் வயிற்று நுனியில் முட்கள்.

ஆணா பெண்ணா என்பதற்கு உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள்: ஆணுக்கு 13 கணு, பெண்ணுக்கு 12. பறக்கும்போது எண்ண முடியாது. சாயங்காலம் குச்சியைத் தாடையால் கவ்வியபடி உறங்கும் தைரியஸைக் கைபேசியில் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுங்கள். முதுகுத் தகட்டின் விளிம்பு தெளிவாக விழுந்திருக்கவேண்டும்.