உங்களுக்குத் தெரியுமா? லேப்டாப் படம் டிவிக்கு வரும் வழி

இந்தியாவில் ஒரு மாநில அரசே நடத்தும் முதல் ஓடிடி திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. பெயர் சிஸ்பேஸ். 2024 மார்ச் 7 அன்று கைரளி தியேட்டரில் முதல்வர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். மாதச் சந்தா இல்லை. பார்க்கும் படத்துக்கு மட்டும் காசு, தொடங்கியபோது முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய். விழாக்களில் கைதட்டல் வாங்கியும் தியேட்டர் கிடைக்காமல் தவிக்கும் படங்களுக்கு இது பெரிய ஆறுதல். அப்படிப்பட்ட படத்தை லேப்டாப்பில் குனிந்து பார்க்க வேண்டாம். ஒரு ஒயர் இருந்தால் வீட்டு டிவிக்கே கொண்டுவந்துவிடலாம்.

*

அந்த ஒயர்தான் எச்டிஎம்ஐ. ஹிட்டாச்சி, சோனி, பிலிப்ஸ், தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி உருவாக்கியது. முதல் வடிவம் 2002 டிசம்பரில் வந்தது. 19 பின்களில் படமும் ஒலியும் சேர்ந்தே போகும். பழைய லேப்டாப்பில் நீல நிறத்தில் இருக்கும் விஜிஏ, ஐபிஎம் 1987-ல் கொண்டுவந்தது. அதில் படம் மட்டும்தான் போகும்.

*

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் கேபிள் வாங்கும்போது தங்க முலாம் என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்க வேண்டியதில்லை. போவது டிஜிட்டல் சிக்னல். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால் முலாம் படத்தை மேலும் அழகாக்காது.

*

படம் டிவியில் ஓடுகிறது, வசனம் மட்டும் லேப்டாப்பில் கேட்கிறதா? விண்டோஸில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, பட்டியலில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து விண்டோஸ் பட்டனுடன் P-யை அழுத்தி, ‘செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி’ வையுங்கள். ‘டூப்ளிகேட்’ வைத்தால் பல லேப்டாப்கள் தம் சின்னத் திரையின் அளவுக்கே டிவியையும் இறக்கிவிடும்.

*

சப்டைட்டிலின் கீழ்வரி வெட்டுப்படுகிறதா? ஓவர்ஸ்கேன் என்ற பழைய பழக்கம் அது. படக்குழாய் டிவிகளில் ஓரம் சீராக இருக்காது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைத்தார்கள். இன்றைய டிவிகளிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிக்சர் மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். அதைப் போட்டால் முழுப் படமும் தெரியும். ஈரானியப் படமோ கொரியப் படமோ பார்ப்பவர்களுக்கு இதுதான் முதல் வேலை.

*

சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி பொதுவாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும். 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை; அதனால் ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படும். கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சியில் லேசாகத் தடுக்குவது இதனால்தான். லேப்டாப்பின் டிஸ்ப்ளே அமைப்பில் 24 ஹெர்ட்ஸ் இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். டிவியின் மோஷன் ஸ்மூதிங்கையும் நிறுத்திவிடுங்கள். இல்லாத பிரேம்களை அது தானே உண்டாக்கிச் செருகுவதால், நல்ல ஒளிப்பதிவும் மெகா சீரியல் போல ஆகிவிடும்.

*

விவரம் புரியவில்லை என்றால் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட, கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’, 2018-ல் தொடங்கிய திட்டத்தில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜக்டரும் கொடுத்தது. லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டுவது இங்கே வகுப்பில் தினமும் கண்ணால் பார்க்கிற வேலை.

*

லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரில் கசியும் சிறு மின்சாரம் அது. லேப்டாப், டிவி இரண்டின் பிளக் சுவிட்சையும் அணைத்துவிட்டு எச்டிஎம்ஐ மாட்டினால் போர்ட் பிழைக்கும்.

*

துலா மாத இடிமழை திருவனந்தபுரத்துக்குப் பழக்கமானது. பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை மின்னல் விஷயத்தில் கவனமாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கும். படம் பார்க்கும் நேரமும் அதுதான். சார்ஜரைப் பிடுங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். டிவிக்குள் வரும் டிஷ் கேபிள் வழியாகவும் மின்னழுத்தம் இறங்கும். அங்கிருந்து எச்டிஎம்ஐ ஒயர் வழியாக லேப்டாப்பைத் தொடும். வானம் இருட்டும்போதே மூன்றையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் ஒயரில் கை வைக்க வேண்டாம்.