4 லட்சத்துக்கு வாங்கி 7 ஆயிரம் கோடிக்கு பேரம்! பாட்டில் தண்ணீர் கைமாறிய கதை

ஸ்ரீவில்லிபுத்தூர்,

சுந்தரபாண்டியம் பெட்டிக்கடைக்குப் போய் "ஒரு பிஸ்லரி கொடுங்கண்ணே" என்று கேட்டால், கடைக்காரர் கைக்கு வந்த ஏதோ ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். தண்ணீர் பாட்டிலுக்கே அதுதான் பேர் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த பேருக்குப் பின்னால் பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது.

பிஸ்லரி முதலில் இத்தாலி நாட்டு கம்பெனி. 1969-ல் பார்லே நிறுவனம் வெறும் 4 லட்சம் ரூபாய்க்கு இதை வாங்கியது. அதன் அதிபர் ரமேஷ் சவுகான் 1993-ல் தம்ஸ்அப், லிம்கா, கோல்டு ஸ்பாட்டை கோக கோலாவுக்கு விற்றார். தண்ணீரை மட்டும் விடவில்லை. 2022-ல் டாடா நிறுவனத்துடன் பேரம் நடந்தது. 7 ஆயிரம் கோடி வரை பேசப்பட்டது. 2023 மார்ச்சில் பேச்சு முறிந்தது.

நம்ம பக்கமும் தகராறு உண்டு. நெல்லை கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்கு தாமிரபரணி தண்ணீர் 1,000 லிட்டர் ரூ.37.50-க்கு தரப்படுவதாக வழக்கு பாய்ந்தது. 2016 நவம்பரில் ஐகோர்ட்டு மதுரை கிளை தடை போட்டது. 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாகி தடை விலகியது. அதற்கு முன்பே வணிகர்கள் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று அறிவித்திருந்தனர்.

முதலாளி மாறினால் மாறட்டும். வயிறு நம்முடையது. பாட்டில் தண்ணீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதியை 2024 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே, அதிக ஆபத்துள்ள உணவுப் பட்டியலில் சேர்த்து ஆண்டுதோறும் சோதனை என்றார்கள். எனவே கேனோ, பாட்டிலோ, வாங்கும்போது 14 இலக்க உணவு பாதுகாப்பு உரிம எண், தயாரிப்பு தேதி, மூடி சீல் மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.