தொடரின் அக்கம்பக்கம் காட்டும் கருவி

வேலைக்கு விண்ணப்பிக்கும் பலர் கடிதத்தை ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று முடிக்கிறார்கள். ‘மீட்டிங் யூ’ என்பதே சரி. விதி இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதும் நேரத்தில்தான் கைகொடுப்பதில்லை. அதைக் கண்ணால் பார்த்தே மனதில் பதித்துக்கொள்ள உதவும் கருவி கன்கார்டன்ஸ்.

நாவல், செய்தி, கடிதம், பேச்சு எனப் புழக்கத்தில் உள்ள மொழியைக் கணினியில் பெருந்தொகுப்பாகச் சேர்க்கிறார்கள். இதன் பெயர் கார்ப்பஸ். அதில் ஒரு தொடரைத் தேடினால், அது வரும் ஒவ்வோர் இடமும் ஒரு வரியாகத் திரையில் இறங்கும். தேடிய தொடர் நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். இருபுறமும் சில சொற்கள் தெரியும். வலப்புறத்தை அகரவரிசையில் அடுக்கலாம்.

‘லுக் ஃபார்வர்ட் டு’ என்று தேடுங்கள். வலப்புறம் ‘யுவர் ரிப்ளை’, ‘த வீக்கெண்ட்’, ‘ஹியரிங் ஃப்ரம் யூ’, ‘சீயிங் யூ’ என்று வரும். எல்லாம் பெயர்ச்சொற்கள், அல்லது ‘இங்’ சேர்ந்து பெயராகிவிட்ட வினைகள். இங்கே ‘டு’ ஒரு பிரிபொசிஷன் என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

கன்கார்டன்ஸ், அதாவது சொல்லடைவு, கணினிக்கு முன்பே இருந்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸின் டொமினிக்கன் துறவிகள் விவிலியத்துக்குக் கையால் சொல்லடைவு தொகுத்தார்கள். இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்க, இத்தாலியப் பாதிரியார் ரொபெர்ட்டோ பூசா 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் உதவியை நாடினார். துளை அட்டைகள் வேலையை ஏற்றன. தேடும் சொல்லைச் சூழலோடு அடுக்கிக் காட்டும் முறையை 1950களின் இறுதியில் பரவலாக்கியவர் ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன். 1964இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 10 லட்சம் சொற்கள் கொண்ட கார்ப்பஸ் வெளிவந்தது.

பர்மிங்ஹாமில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேர் இத்தகைய வரிகளைக் கொண்டே 1987இல் கோபில்ட் அகராதியைக் கொண்டுவந்தார். ‘செட் இன்’ (தொடங்கி நிலைகொள்ளுதல்) என்ற தொடரில் அவர் கண்டது அருமையானது. அதன் இடப்புறம் வருபவை பெரும்பாலும் அழுகல், சிதைவு, விரக்தி, நோய்த்தொற்று போன்றவை. அதனால் ‘ஹேப்பினஸ் செட் இன்’ என்று எழுதினால் இலக்கணப்படி பிழையில்லை. ஆனாலும் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும்.

10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸை இன்று இணையத்தில் தேடலாம். ஆங்கிலத் தொடர் ஒன்றில் ஐயம் வந்தால், பொருளை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிடாதீர்கள். முதலில் வலப்புறத்தைப் படியுங்கள், இலக்கணம் தெரியும். பிறகு இடப்புறத்தைப் படியுங்கள், அந்தத் தொடரின் குணம் தெரியும்.