காசு கொடுத்து எழுதி வாங்கிய மென்பொருள் யாருக்குச் சொந்தம்?

ஈரோட்டு ஜவுளிக் கடையோ நாமக்கல் லாரி புக்கிங் அலுவலகமோ, பழைய பில்லிங் மென்பொருளை மாற்றிப் புதிதாக எழுதி வாங்கும்போது விலை பேசுகிறோம், எத்தனை மாதமாகும் என்று கேட்கிறோம். எழுதி முடித்தபின் அது யாருடைய சொத்து என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். உங்கள் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை உங்களுக்கு. வெளி நிறுவனம் எழுதினால், முழுத் தொகையும் கட்டியிருந்தாலும் உரிமை பொதுவாக அவர்களுக்கே. அது உங்களுக்கு வர, கையெழுத்திட்ட உரிமை மாற்று ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எங்கே ஆபத்து?

மூல நிரல் (சோர்ஸ் கோடு) கையில் இல்லாவிட்டால் வேறு பொறியாளரால் மென்பொருளைத் திருத்த முடியாது. எழுதியவர்கள் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தினாலும், நிறுவனத்தையே மூடினாலும் பாதிப்பு உங்களுக்குத்தான்.

புதிய அமைப்புக்கு மாறும் நாளும் ஆபத்தானது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. பலரால் தங்கள் கணக்கைத் திறக்கவே முடியவில்லை. முழுதும் சீராக டிசம்பர் ஆயிற்று. வேலையை வெளியே ஒப்படைத்திருந்தும், 2022-இல் ஏறத்தாழ 4.87 கோடி பவுண்டு அபராதம் கட்டியது வங்கிதான். நம் நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வாடிக்கையாளர் தகவலுக்கான பொறுப்பை வேலையை ஒப்படைத்தவர்மீதே வைக்கிறது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

• பதிப்புரிமைக் காலம் முழுதும், உலகம் முழுதும் செல்லும் என்று குறிப்பிட்ட உரிமை மாற்றம். பலருக்கும் விற்கும் மென்பொருளுக்கு இது கிடைக்காது. நிரந்தரப் பயன்பாட்டு உரிமையாவது கேளுங்கள்.
• ஒவ்வொரு தவணைப் பணத்தின்போதும் அதுவரை எழுதிய சோர்ஸ் கோடு.
• சர்வர், டொமைன், அட்மின் பாஸ்வேர்டு உங்கள் நிறுவனத்தின் பெயரில்.
• கேட்டபோதெல்லாம் எக்செல் போன்ற பொது வடிவில் உங்கள் டேட்டா.
• ஒரு மாதமாவது பழையதும் புதியதும் சேர்ந்து ஓட வேண்டும். இருப்பும் வரியும் ஒத்துப்போன பிறகே கடைசித் தவணை.

பழைய பதிவுகளை அழித்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் அவற்றைப் பாதுகாக்க வேண்டும்.

தகராறு வந்தால்?

மின்னஞ்சல், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேமித்து, முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அதற்குமுன் சமரசப் பேச்சு கட்டாயம். அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்பட்டால் மட்டும் நேரடியாகப் போகலாம். அனுமதியின்றி உங்கள் கணினி அமைப்பை உங்களுக்கே பூட்டினால், 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இழப்பீடு கோரலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அச்சட்டப்படி நியமிக்கப்பட்ட தீர்ப்பு அதிகாரி விசாரிப்பார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். ஒப்பந்த மீறல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு.

ஏற்கெனவே ஓடும் மென்பொருளின் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். உரிமை பற்றிய வரி இல்லையென்றால், அடுத்த பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்தும் முன் அதை எழுதி வாங்குங்கள். பணம் உங்கள் கையில் இருக்கும்வரைதான் உங்கள் பேச்சுக்குப் பலம்.