இழுத்தபோது தாங்கிய பசை!

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரம். 2006-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி இரவு.

சுரங்கப் பாதையில் கணவனும் மனைவியும் காரில் சென்றனர். திடீர் என்று கூரை பெயர்ந்தது! 26 டன் கான்கிரீட்டும் இரும்பும் கார் மீதும், சாலை மீதும் விழுந்தன. மனைவி பிணமானார். கணவர் காயத்துடன் தப்பினார்.

அந்தக் கூரையைத் தாங்கியது எது?

பசை! "எபாக்சி" என்ற பசை. மேலே கான்கிரீட்டில் துளை போட்டு, இரும்புக் கம்பிகளைப் பசையால் ஒட்டி இருந்தார்கள். கூரைப் பலகைகள் அந்தக் கம்பிகளில் தொங்கின.

சோதிக்காமலா விட்டார்கள்? சோதித்தார்கள். கூரையின் எடையைவிட அதிக பலத்துடன் கம்பியை இழுத்தார்கள். பசை விடவில்லை.

ஆனால் இழுத்தது சில நிமிடம்தான். கூரையோ இரவும் பகலும் தொங்கியது. ஓயாத பாரத்தில் சில பசைகள் மெல்ல மெல்ல இளகும். அங்கே ஒட்டியது சீக்கிரம் இறுகும் ரகம். சீக்கிரம் இறுகினாலும், இளகுவதில் அது மோசம்!

1999-ல், கட்டும்போதே சில கம்பிகள் கீழே இறங்கி இருந்தன. அவற்றை மறுபடி பொருத்தி, மறுபடியும் இழுத்துப் பார்த்தார்கள். அதே சோதனை!

இப்போது இத்தகைய பசைக்குத் தனிச் சோதனை உண்டு. கம்பியில் 1,000 மணி நேரம், அதாவது சுமார் 42 நாள், பாரத்தை ஏற்றி வைக்கிறார்கள். கம்பி எவ்வளவு இறங்கியது என்று அளக்கிறார்கள். அதை வைத்து, 50 ஆண்டில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடுகிறார்கள்.