மொட்டை மாடி டிஷ்சுக்கு ‘எர்த்’ இருக்கா? இடி, மழைக்கு முன்னாடி பாருங்க!

சென்னை:

மழை பெய்து ஓய்ந்ததும் டி.வி.யில் படம் வராது. ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து நிற்கும். உடனே வீட்டில் ஒருவர் மொட்டை மாடிக்கு ஓடுவார். ஈரத்தரை, வெறுங்கால். அப்படியே டிஷ்சை பிடித்து திருப்புவார். ‘‘இப்ப வருதா?’’ என்று மேலே இருந்து சத்தம். ‘‘இன்னும் கொஞ்சம்... ஆங், வந்துடுச்சு’’ என்று கீழே இருந்து பதில்.

வீட்டுக்கு வீடு நடக்கிற இந்த காரியத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்த டிஷ்சுக்கு எர்த் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், பல பேருக்கு பதில் தெரியாது.

2004-ம் ஆண்டு டிசம்பரில் தூர்தர்ஷன் மாதக்கட்டணம் இல்லாத டிஷ் சேவையை தொடங்கியது. இப்போது அதன் பெயர் டி.டி. பிரீ டிஷ். தனியார் டிஷ்களும் சேர்ந்துகொள்ள, ஓட்டு வீடு முதல் அடுக்குமாடி வரை டிஷ் ஏறிவிட்டது. எர்த் கம்பி மட்டும் கூடவே ஏறவில்லை.

உயரம் தேவையே இல்லை

டிஷ் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லா படம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு.

செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பைப்பை 10 அடி உயர்த்தினால் அதற்கு ஒரு கணக்கும் இல்லை. டி.டி. பிரீ டிஷ் செயற்கைக்கோள் சென்னையில் இருந்து பார்த்தால் தென்கிழக்கில், தரையில் இருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கும். கிட்டத்தட்ட உச்சி வானம். எதிர்வீடு அவ்வளவாக மறைக்காது. தலைக்கு மேலே சன்ஷேடும், மரக்கிளையும் மறைக்காமல் இருந்தாலே போதும்.

உயரமான பைப்பால் வருவது இரண்டு தொல்லை. ஒன்று காற்று. மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், 2 அடி டிஷ் மீது 15 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னையை புரட்டிப்போட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. செங்கல் அடுக்கி நிறுத்தி வைத்த டிஷ் எல்லாம் அந்த காற்றுக்கு தாங்காது. கான்கிரீட்டில் போல்ட் போட்டு முறுக்க வேண்டும்.

இரண்டாவது தொல்லை இடி, மின்னல்.

எர்த் எதற்கு?

டிஷ்சில் இருந்து வரும் கேபிளில் ஓடுவது 13 அல்லது 18 வோல்ட்தான். அதனால் ஆபத்து இல்லை. ஆனால் அந்த கேபிளின் உள்ளே ஒரு கம்பி வலை இருக்கிறது. அது மாடியையும் டி.வி.யையும் இணைக்கிற உலோகப் பாதை.

பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினாலே அந்த பாதையில் மின்சாரம் பாய்ந்து வரும். செட்-டாப் பாக்ஸ், டி.வி. இரண்டும் போய்விடும். அந்த நேரம் பிளக்கை பிடித்திருப்பவருக்கும் ஆபத்து.

கீழே இருந்தும் கரண்டு மேலே ஏறலாம். இரண்டு முள் பிளக் உள்ள பாக்சில் லேசான கசிவு இருக்கும். கேபிளை தொட்டால் சுரீர் என்பது இதனால்தான். ஷாக் சின்னதுதான். ஆனால் கைப்பிடிச்சுவர் ஓரத்தில் நின்று கையை உதறினால் என்ன ஆகும்?

எப்படி கொடுப்பது?

* டிஷ் பைப்பில் இருந்து எர்த் பைப் வரை ஒரே கம்பியாக, வளைவு இல்லாமல், வீட்டுக்கு வெளியே இறக்க வேண்டும். சர்வதேச விதிப்படி தாமிர கம்பி என்றால் 16 சதுர மில்லி மீட்டர் கனம் வேண்டும். வயரிங் வேலையில் மிச்சமான துண்டு வயர் உதவாது.

* கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், அதன் கம்பி வலையையும் எர்த்துடன் சேர்க்க வேண்டும். அங்கே கேபிளை ‘யு’ மாதிரி தொங்க விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் சொட்டிவிடும்.

* டிஷ்சுக்கு தனி எர்த் குழி போட்டால், அதை வீட்டு எர்த்துடன் கண்டிப்பாக இணைக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் மின்னல் நேரத்தில் கரண்டு டி.வி. வழியாகவே கடந்து போகும்.

* நியூட்ரலில் எர்த் கம்பியை முறுக்குவது உயிருக்கு உலை. தண்ணீர் பைப்பும் வேண்டாம். பாதி தூரம் பிளாஸ்டிக் பைப்பாக இருந்தால் அது எர்த்தே இல்லை.

எர்த் வேலை செய்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து பார்த்து சொல்ல வேண்டும். நாமே பல்பு வைத்து பார்க்கக்கூடாது.

மாடி விளிம்புக்கு 2 மீட்டருக்கு மேல் கீழே, சுவரில் இருந்து ஒன்றரை மீட்டருக்குள் மாட்டிய டிஷ்சுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. எர்த் குழிக்கு வீட்டு உரிமையாளரிடம் கெஞ்சிக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஈ.பி. கம்பி பக்கம் போகாதீங்க

நெருக்கமான தெருக்களில் கைக்கு எட்டும் தூரத்தில் மின்கம்பி போகிறது. டிஷ் பைப் சாய்ந்து விழுந்தாலும் கம்பியை தொடாத இடமாக பார்க்க வேண்டும். இரும்பு பைப்பை தூக்கிக்கொண்டு மாடியில் திரும்பும்போதுதான் கவனம் தேவை. கம்பி நெருக்கமாக இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லலாம்.

எர்த் இருந்தாலும் நேரடியாக விழுகிற இடியை முழுசாக தடுக்க முடியாது. வானம் இருட்டும்போதே பிளக்கையும், கேபிளையும் கழற்றி வையுங்கள். இடி சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டால் தொடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை மாடிக்கும் போகக்கூடாது.

யாருக்காவது ஷாக் அடித்தால் கையை பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை ஆப் செய்து, பிறகு 108-க்கு போன் செய்யுங்கள்.

சீரியலில் ஒரு காட்சி போனால் நாளைக்கு பார்த்துக்கலாம். மாடிக்கு போனவர் பத்திரமா கீழே இறங்கி வரணும்.